பல சமயத்தார் வாழும் ஊரில் நம் அன்றாட வாழ்வு

(யூபிலி நிறைவு விழாப் பொதுக்கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யூபிலி, யூபிலி என்று இந்த ஓராண்டாக நாம் ஓயாது சொல்லி வருகிறோம். சுவரொட்டியில் அச்சிட்டோம், கோபுரத்தில் மின்விளக்கால் எழுதினோம். அச்சொல்லின் பொருளை இன்று ஒருமுறை நினைவுகூர்வது நலம். எபிரேய மொழியில் 'யோபேல்' என்பது ஆட்டுக்கடாவின் கொம்பு. ஐம்பதாம் ஆண்டு பிறந்ததும் அக்கொம்பை ஊதுவார்கள். ஊதியபின் என்ன நடக்கும்? பந்தலும் விருந்துமா? இல்லை. கடனுக்காக நிலத்தை இழந்தவன் தன் நிலத்துக்குத் திரும்புவான். அடிமையாய் விலைபோனவன் தன் வீட்டுக்குத் திரும்புவான். உழுது களைத்த மண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும். லேவியர் ஆகமம் சொல்லும் யூபிலி இதுதான். யாருக்கு எது உரிய பங்கோ, அதை அவரவர்க்குத் திரும்பக் கொடுக்கும் ஆண்டு அது.

'பங்கு' என்ற சொல்லைப் பாருங்கள். கோயிலைச் சேர்ந்த மக்களைப் பங்கு என்கிறோம். படகு கரையேறியதும் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பதையும் பங்கு என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது நம் தமிழின் பேறு.

விழாவுக்கு முன்பு நம் இளைஞர் ஒருவர் வந்து, "சாமி, யூபிலி மேடையிலே கோயில் வரலாறு பேசுவீங்கன்னு பார்த்தா, ஊர் விஷயம் பேசப் போறீங்களாமே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோயிலுக்குள் நாம் இருப்பது வாரத்தில் ஒன்றரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் கடற்கரையிலும், சந்தையிலும், பஸ்ஸிலும், ரேஷன் கடை வரிசையிலும், அடுத்த வீட்டுத் திண்ணையிலும் கழிகிறது. அங்கே நமக்கு அண்டை அயலாராய் இருப்பவர் பெரும்பாலும் வேறு சமயத்தார்; சில வேளை வேறு மொழியார். வளரும் நாடொன்றில், குறைவாய் உள்ளதைப் பலர் பகிர்ந்து உண்ண வேண்டிய நாட்டில், அவர்களோடு நாம் எப்படி வாழ்கிறோம் என்பதே நம் விசுவாசத்துக்கு அன்றாடப் பரீட்சை. ஆகவே ஊர் விஷயந்தான் பேசப் போகிறோம்.

இம்மண்ணில் அந்நியர் புதிதல்லர்

நம் ஊரை ஒட்டி அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. மழை பெய்து மண் அரித்தால் அங்கே சிறுவர்கள் வண்ண மணிகள் பொறுக்கிய காலம் உண்டு. 1930-களில் புதுச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர் ழுவோ துப்ராய் அம்மணிகளைக் கண்டு இவ்விடத்தின் பழமையை உணர்ந்தார். பின்னர் 1945-ல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் அகழ்ந்து ஆராய்ந்தனர். கசால் தம் நூலுக்கு இட்ட பெயரிலேயே வீராம்பட்டினம் என்ற நம் ஊர்ப் பெயர் இடம்பெற்றுள்ளது.

கிடைத்த பொருட்கள் என்ன? இத்தாலி நாட்டு அரெட்சோ நகரத்துச் சிவப்பு மட்பாண்டங்கள். கிரேக்கத் தீவுகளின் திராட்சை மது வந்த சாடிகள். ஒலிவ எண்ணெய் வந்த சாடிகள். ஸ்பெயின் நாட்டு மீன்சாறு வந்த சாடிகளும் உண்டு. மீன் பிடிக்கும் கரைக்கே மீன்சாறு இறக்குமதி! சிரிக்காதீர்கள். துபாய்க்கும் பாரீசுக்கும் போகிற நம் பிள்ளைகள் பெட்டியில் கருவாட்டுப் பொட்டலம் வைத்துக் கட்டுவதில்லையா? ஊரை விட்டு வந்தவனுக்குத் தன் ஊர் ருசி தேவைப்படுகிறது. அதே மண்ணில் தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இக்கரையில் தமிழனும் மேலைநாட்டானும் ஒருவன் சரக்கை மற்றவன் விலை பேசி வாங்கியிருக்கிறார்கள்.

குருமடத்தில் பயின்ற நமக்கு இனிக்கின்ற செய்தி இன்னொன்று உண்டு. சயாம் நாட்டு அயுத்தியா நகரில் பாரீஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையார் ஒரு குருமடம் நடத்தி வந்தனர். 1765-ல் பர்மியப் படையெடுப்பால் அது இடம்பெயர்ந்து கம்போடியப் பக்கத்துக் கடலோரத்தில் தஞ்சம் புகுந்தது. அங்கும் கொள்ளையர் தாக்கினர். உயிர் தப்பியவர்கள் மீண்டும் கப்பலேறினார்கள். 1770-ல் அக்குருமடம் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நம் வீராம்பட்டினம்! சீன, வியத்நாம், சயாம் நாட்டு இளைஞர்கள் இங்கே தங்கி இலத்தீன் படித்தார்கள். தலைவராயிருந்த பிஞ்ஞோ தெ பெஹேன் அடிகளார் வியத்நாம் மாணவர்களின் துணையோடு ஒரு வியத்நாம்-இலத்தீன் அகராதியையும் அக்காலத்திலேயே தொகுத்தார். பத்தாண்டுக்கு மேல் இயங்கி மூடப்பட்ட அக்குருமடத்தின் மரபு, 1808-ல் பினாங்குத் தீவில் மறுபடியும் துளிர்த்தது.

எண்ணிப் பாருங்கள். இரண்டு முறை அகதிகளான, தமிழ் ஒரு சொல்லும் அறியாத பிள்ளைகள். அவர்களுக்கு அரிசியும் மீனும் விறகும் விற்றவர்கள் இக்கரையோரத்து மக்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆயினும் அவர்கள் இல்லாமல் அக்குருமடத்தில் ஒரு நாளாவது அடுப்பு எரிந்திருக்காது.

வாயில் வரும் சொல்லும் கலப்புத்தான்

"தனித்தமிழ் பேசுகிறேன்" என்று நம்மில் யாரும் மார்தட்ட முடியாது. விடியற்காலையில் மீன் ஏலம் கூறுகிறோம். 'ஏலம்' போர்த்துகீசியர் தந்த சொல். வீட்டுச் சாவி, சன்னல், அலமாரி, மேசை எல்லாம் அவர்கள் விட்டுச் சென்றவை. பாக்கி வசூல் பண்ணுகிறோம். 'பாக்கி'யும் 'வசூ'லும் அரபு மொழியிலிருந்து வந்தவை. புதுச்சேரி நகருக்குள் போனால் பேராலயத்தைச் 'சம்பா கோயில்' என்கிறோம். சேன்ட் பால் என்பதன் பிரெஞ்சு உச்சரிப்பு நம் பாட்டிமார் வாயில் சம்பா ஆயிற்று. கப்புச்சின் சபையார் கோயில் 'கப்ஸ் கோயில்' ஆயிற்று.

மறுபக்கமும் பாருங்கள். நாம் கோயில் என்கிறோம். அவர்களும் கோயில் என்கிறார்கள். நமக்கும் கொடியேற்றம் உண்டு, தேர் உண்டு, நோன்பு உண்டு. வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடக்கிறவர்களில் பாதிப்பேர் யார்? வில்லியனூர் லூர்து அன்னைக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களில் எத்தனை பேர் நெற்றியில் குங்குமம்? அவர்களை அன்னை திருப்பி அனுப்பியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நம் ஊரில் ஆடித் தேர் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலில் வலையில் அகப்பட்ட மரக்கட்டையிலிருந்து தொடங்குகிறது செங்கழுநீர் அம்மன் கதை என்று ஊர்ப் பெரியவர்கள் வழிவழியாய்ச் சொல்லி வருகிறார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து அத்தேரின் வடம் பிடிப்பார். 1954 நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-ல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியது. கொடி மாறியது, வடம் பிடிக்கும் வழக்கம் மாறவில்லை. இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் அவ்விடத்தில் வந்து நிற்கிறார்கள்.

கவர்னர் அம்மனை வணங்கினாரோ இல்லையோ, நாம் அறியோம். ஆனால் தான் ஆளும் மக்கள் எதை உயிராய் மதிக்கிறார்களோ, அதன் முன் தொப்பியைக் கழற்றி நிற்க வேண்டும் என்ற மட்டில் அவருக்குத் தெரிந்திருந்தது. பிறர் வணங்குவதை நாமும் வணங்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அவமதிக்காதிருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்கள் குறித்து வெளியிட்ட ஏடு இதற்கும் ஒருபடி மேலே சென்றது. அச்சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அது நமக்கு நினைவூட்டியது.

சுவர் போனது, நாற்காலி வந்தது

இவ்வளவும் கேட்டபின், "பரவாயில்லையே, நாம் ஆதி முதல் அண்ணன் தம்பியாகத்தான் வாழ்ந்திருக்கிறோம்" என்று எழுந்து போய்விடாதீர்கள். அது முழு உண்மையன்று. பாதி உண்மையை மட்டும் பேசினால் யூபிலி மேடைக்கு அழகாகாது.

ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் துய்ப்ளேக்சு காலத்தில் துபாஷாய் இருந்தவர். அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு நமக்கொரு கண்ணாடி. 1745-ம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை அதில் காண்கிறோம். அந்நாளில் சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. மேல்சாதிக் கிறிஸ்தவர் ஒருபுறம், ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர் மறுபுறம். ஒரே ஞானஸ்நானம் பெற்ற நாங்கள் ஏன் சுவருக்கு அப்பால் நிற்க வேண்டும் என்று அம்மக்கள் குருக்களிடம் முறையிட்டார்கள். குருவும் அது நியாயம் என்று சுவரை இடித்துப் போட்டார். உடனே மேல்சாதியார் கொதித்தெழுந்தார்கள். முடிவில் என்ன நடந்தது? சுவர் இருந்த இடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுத் தடுப்பு ஏற்படுத்தினார்கள்.

மூன்றாண்டு கழித்து, 1748-ல், அக்கோயிலுக்கு அருகிலிருந்த வேதபுரீசுவரர் ஆலயம் பிரெஞ்சு ஆட்சியாளரால் இடிக்கப்பட்டது. அதில் மறைப்பணியாளரின் கையும் இருந்தது என்று பிள்ளையவர்கள் எழுதியிருக்கிறார். இந்துப் பெருமக்கள் அமர்ந்திருக்கும் இம்மேடையில் இதை மறைத்துவிட்டு வேறு எதைப் பேசினாலும் அது வெறும் உபசாரப் பேச்சாகவே இருக்கும்.

சுவரைக் காட்டிலும் நாற்காலிதான் நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது. சுவரை இடிக்க ஒரு கட்டளை போதும். கடப்பாரையோடு இரண்டு ஆள் போதும். நாற்காலியை அகற்றுவது கடினம். அது யாரோ தற்செயலாய்ப் போட்டது போல இருக்கும். "சும்மா உட்காரத்தான் போட்டோம்" என்பார்கள். இன்றைக்கும் நம்மிடையே சுவர் கிடையாது. அரசியல் சட்டம் இடித்துவிட்டது, திருச்சபை இடித்துவிட்டது. நாற்காலிகள் இருக்கின்றனவா? வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் முதலில் விலாசம் கேட்கிறோமா, அல்லது சுற்றி வளைத்துச் சாதியைக் கேட்கிறோமா? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனித் தம்ளர் வைத்திருக்கிறோமா? அவரவர் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்துக்கொள்வோம்.

கடலில் என்ன கற்றோம்

கூடி வாழ்வது சமயப் பிரச்சினை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். வேறு சாமி கும்பிடுவதால் சண்டை வருகிறது என்று நினைக்கிறோம். கடற்கரை வேறு பாடம் சொல்லித் தருகிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அன்று வந்த அலையை யாரும் மறக்க முடியாது. கடல் யார் வீட்டையும் சமயம் கேட்டு இடிக்கவில்லை. அன்று கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் ஒரு காரியம் நடந்தது. அவ்வூர் ஜமாஅத்தைச் சேர்ந்த இசுலாமியப் பெருமக்கள் கல்யாண வீட்டு விருந்துக்குச் சமைத்த உணவை அப்படியே கொண்டுவந்து, வீடிழந்து நின்ற மீனவ மக்களுக்குப் பரிமாறினார்கள். பசித்தவன் யார், எந்தக் குப்பம் என்று யாரும் கேட்கவில்லை. வேறு சமயம், வேறு சமூகம். ஆனாலும் பந்தி ஒன்றாயிற்று.

இப்போது இன்னொரு ஆண்டுக்கு வருவோம். 2021 ஆகஸ்டு. சுருக்குமடி வலை காரணமாக நல்லவாட்டு மீனவருக்கும் வீராம்பட்டினத்து மீனவருக்கும் கடலிலே மோதல் உண்டாயிற்று. காவல் துறையார் வானத்தை நோக்கிச் சுட்டுக் கலைக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கு நிற்கவில்லை. அதற்குப் பஞ்சாயத்தாரும் அரசும் இருக்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரு ஊராரும் ஒரே மொழி பேசுகிறவர்கள். ஒரே தொழில். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு முறை. ஒரே கடல். அப்படியிருந்தும் மோதல் வந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒன்றுபோல் இருப்பவரெல்லாம் ஒற்றுமையாய் இருப்பார்கள் என்பதில்லை. வேறுபட்டிருப்பவரெல்லாம் பகைவராவார்கள் என்பதும் இல்லை. நம் போன்ற வளரும் நாட்டில் சண்டையின் வேர் பெரும்பாலும் கும்பிடும் சாமியில் இல்லை. சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. "என் பங்கை நீ எடுத்துக்கொண்டாய்" என்ற எண்ணம் வந்ததும் உறவு அறுந்துபோகிறது. அறுந்த பிறகு சாதியையும் சமயத்தையும் ஊர்ப் பெயரையும் ஆயுதமாய் எடுத்துக்கொள்கிறோம்.

மருந்து என்ன? முறை. இந்தச் சொல்லை மனதில் வையுங்கள். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. இறால் நன்றாய்க் கிடைக்கும் இடங்களில் இன்ன நாளில் இன்னார் வலையிடலாம் என்று மீனவரே முறை வகுத்துக்கொண்டார்கள். வலிமை உள்ளவன் முந்திக்கொள்ள முடியாது. இளைத்தவனுக்கும் ஒருநாள் நல்ல இடம் கிடைக்கும். அம்முறைக்குள் எல்லாச் சமூகத்தாரும் சேர்க்கப்படவில்லை என்ற குறை உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், போலீசும் கோர்ட்டும் இல்லாமலே பசியையும் பேராசையையும் கட்டிப்போட ஏழை மக்கள் கண்ட வழி அது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாதிருப்பதும் ஒரு முறைதான். மீனுக்கும் ஓய்வு வேண்டும். நாளைய பிள்ளைக்கும் பங்கு வேண்டும். யூபிலி ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுத்த இஸ்ராயேலரை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

'பாடு' என்றால் முறை. 'பாடு' என்றால் உழைப்பு. பாடுபட்டுச் சம்பாதித்தோம் என்கிறோம். தபசு காலத்தில் ஆண்டவரின் 'பாடுகளை'த் தியானிக்கிறோம். என் முறை வரும்வரை நான் காத்திருப்பதற்கும், பிறர் முறைக்காக நான் விட்டுக்கொடுப்பதற்கும் கொஞ்சம் பாடு பட்டுத்தான் ஆக வேண்டும். அந்தப் பாடு இல்லாமல் ஒற்றுமை என்பது மேடைப் பேச்சோடு முடிந்துவிடும்.

நாளை காலையிலிருந்து என்ன செய்வோம்

ஆலோசனை சொல்லாமல் பாதிரியார் பேச்சை முடிக்கமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். நான்கே காரியங்கள்.

முதலாவது, ஒலிபெருக்கி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதை வைக்கக்கூடாது என்பது நாட்டுச் சட்டம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அதிகாலை இரண்டு மணிக்குக் கடலுக்குப் போகிறவன் ஒன்பது மணிக்கே படுக்க வேண்டும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பத்து மணி வரை விழித்திருக்க வேண்டும். நம் நவநாளுக்கும் இது பொருந்தும். நம் திருவிழாவும் ஊர்த் திருவிழாவும் அடுத்தடுத்து வரும்போது பஞ்சாயத்தாரோடு உட்கார்ந்து நேரத்தை முன்கூட்டியே பேசி முறை வைத்துக்கொள்வோம். இதை நாமே முதலில் போய்க் கேட்போம். கேட்பதால் நம் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

இரண்டாவது, படிப்பு. மின்விசிறியும் நல்ல விளக்கும் உள்ள நம் பங்கு மண்டபம் வாரத்தில் ஐந்து மாலை பூட்டிக் கிடக்கிறது. தெருவில் ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் நடுவே பிள்ளை படிக்கிறது. யூபிலியின் நினைவாக அம்மண்டபத்தை மாலைப் படிப்பகமாகத் திறந்துவைப்போம். எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும் வரலாம். அங்கே மறைக்கல்வி நடத்தமாட்டோம். கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் நடக்கும். கல்லூரி முடித்த நம் இளைஞர்கள் வாரத்துக்கு ஒரு மாலை கொடுத்தால் போதும்.

மூன்றாவது, கடன். யூபிலி என்றாலே கடன் விடுதலைதான். தடைக்காலத்திலும் புயல் காலத்திலும் அடுப்பு எரிய வேண்டி வட்டிக்கு வாங்கி, அந்த வட்டி குட்டி போட்டு, காதில் கிடந்த தோடு வரை இழந்த தாய்மார் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். தலையில் கூடை சுமந்து பெரிய மார்க்கெட் வரை போய் விற்று வருகிறவர்கள் அவர்கள். நம் பங்கைச் சேர்ந்த எவரும் அவர்களிடம் அநியாய வட்டி வாங்கிக்கொண்டிருந்தால், அவர் இவ்வாண்டில் அதை விட்டுவிடட்டும். அசலை வாங்கிக்கொள்ளுங்கள், மனச்சான்றோடு வாங்கிக்கொள்ளுங்கள். நம் மகளிர் குழுவினர் தங்கள் சேமிப்பிலிருந்து கடன் கொடுக்கும்போது, கிறிஸ்தவப் பெண்ணுக்கு மட்டும் என்று எண்ணாமல், தெருவில் யாருக்கு அவசரமோ அவருக்குக் கொடுக்கலாம்.

நான்காவது, புதிதாய் வந்தவர்கள். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் ஒடிசா, ஜார்க்கண்டு, பீகார், வங்காளம் ஆகிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். 2021-ல் சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது, பயணிகள் வருகிறார்கள். அவர்களுக்காக எழும்பும் கட்டடங்களில் செங்கல் சுமப்பவர்கள் இவ்விளைஞர்கள்தாம். அவர்களை நாம் எப்படி அழைக்கிறோம்? 'வடக்கத்தியான்' என்கிறோம், 'இந்திக்காரன்' என்கிறோம். அவர்களில் பலருக்கு இந்தி தாய்மொழியே அல்ல என்பது நமக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரை வைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறோம்.

நம் வீட்டுக் கதையை மறந்துவிட்டோமா? சைகோனுக்குச் சிப்பாயாகவும் குமாஸ்தாவாகவும் கப்பலேறிய புதுச்சேரிக்காரர் எத்தனை பேர்! இணைப்புக்குப் பின் ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்றிருந்த குடும்பங்கள் எத்தனை! இன்றும் பாரீசிலும் வளைகுடாவிலும் நம் பிள்ளைகள் மொழி தெரியாத ஊரில் அறை தேடுகிறார்கள். அவர்களுக்கு அங்கே யாராவது ஒருவர் கதவு திறக்க வேண்டும் என்று நவநாள் செய்கிறோம். அதே செபத்தை ஒடிசாவில் ஒரு தாய் இந்நேரம் செய்துகொண்டிருப்பாள். அவள் செபத்துக்கு விடையாக இருக்க வேண்டியவர்கள் நாமல்லவா?

ஞாயிறு திருப்பலிக்கு அவர்களில் சிலர் வருகிறார்கள். ஜார்க்கண்டு, ஒடிசா மலைப்பகுதிகளில் தலைமுறை தலைமுறையாய்க் கத்தோலிக்கராய் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். முன்னே இடம் இருந்தும் உட்காருவதில்லை. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. அதே சமயம், வாருங்கள் என்று யாரும் அழைக்கவும் இல்லை. 1745-ம் ஆண்டு நாற்காலி வரிசையை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு உங்களில் ஒருவர் எழுந்துபோய், "வாங்க தம்பி, இங்க உட்காருங்க" என்று கைப்பிடித்து அழைத்து வரட்டும். தமிழ் அவருக்குப் புரியாது, கைப்பிடி புரியும். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மறு ஞாயிறு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

முடிவாக

ஆண்டவர் விண்ணரசைக் கடலில் வீசப்பட்ட வலைக்கு ஒப்பிட்டார். அவ்வலையில் எல்லா வகை மீனும் சேர்ந்து கிடக்கும் என்றார். பிரித்தெடுக்கும் வேலை நம்முடையதன்று. கடைசி நாளில் வானதூதர் செய்வார்கள். வலையை அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. இதை உங்களுக்கு விளக்க வேண்டிய அவசியம் இல்லை. கரைக்கு வந்ததும் நீங்கள் வலையைப் பிரித்துப் பார்க்கிறீர்கள். அறுந்த கண்ணியை அன்றன்றைக்கே முடிகிறீர்கள். இன்றைக்கு விட்டுவிட்டால் நாளைக்கு அந்த ஓட்டை வழியே முழுப் பாடும் போய்விடும். உறவும் அப்படித்தான். அடுத்த வீட்டாரோடு இன்று ஏற்பட்ட மனத்தாங்கலை இன்றே பேசித் தீர்த்துவிட்டால், பெரிய சமாதானக் கூட்டங்கள் வேண்டியிருக்காது.

இந்த யூபிலி ஆண்டில் நமக்காகத் தேருக்கு விளக்குப் போட்டுத் தந்தவர், பந்தலுக்குக் கீற்று இறக்கித் தந்தவர், சமையலுக்குத் தண்ணீர் வண்டி அனுப்பியவர் என எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் தாமே முன்வந்து போக்குவரத்தை ஒழுங்கு செய்தார்கள். அவர்கள் அனைவருக்கும் பங்கின் சார்பில் நன்றி கூறுகிறோம். ஆடித் தேர் நாளில் வெயிலில் வரும் மக்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுக்கும் பொறுப்பை நம் பங்கு இளைஞர்கள் இவ்வாண்டு முதல் ஏற்றுக்கொள்வார்கள் என்பதை இம்மேடையிலேயே மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம்.

கடலுக்குப் போகிறவர்கள் பத்திரமாய்க் கரை சேரவும், கரையில் இருப்பவர்கள் ஒருவர்க்கொருவர் கரையாய் இருக்கவும், இவ்வூரில் எவருக்கும் அவரவர் பங்கு குறைவுபடாதிருக்கவும் எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக.

உங்கள் அனைவருக்கும் இறையாசீர். வணக்கம்.